மகாராஜா கை மாறிய கதை

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசிவாசிகளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. ஊருக்கும் அருவிக்கும் மூன்று மைல் தூரந்தான். பள்ளிக்கூட விடுமுறை நாள் ஒன்றில் நாமும் நண்பர் இருவருமாக ஐந்தருவியில் நீராடிவிட்டு, ஈரத் தலையைத் துவட்டிக் கொண்டு ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். நண்பர்களில் ஒருவர் தென்காசியில் மிளகாய் மண்டி வைத்திருப்பவர். ஊரார் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. மற்றவர் முப்பது வருஷ காலம் சென்னை மீனம்பாக்கத்தில் விமான எஞ்சின்களைப் பழுது பார்த்துவிட்டு, ஓய்வு பெற்றுச் சொந்த ஊராகிய இலஞ்சிக்குத் திரும்பியவர்.

குற்றாலக் குளிப்புக்குப் பிறகு மனிதனுக்கு இரண்டு காரியங்களில் ஆவல் உண்டாகிறது. ஒன்று சாப்பாடு, மற்றொன்று வாதம். சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தபடியால் வாதம் முந்திக் கொண்டது. மேகம் மூடிய மலைக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத விமானம் ஒன்று திருவனந்தபுரத்துப் பக்கமாக முழங்கிக் கொண்டு போயிற்று.

"தேசத்து விமானத்தையே விற்றுவிட்டார்களே!" என்று இலஞ்சி நண்பர் பெருமூச்சு விட்டார்.

"விற்காமல் என்ன செய்யச் சொல்லுகிறீர், வே? நாளொன்றுக்கு இருபது கோடி நஷ்டம் என்று சர்க்காரே சொல்லிற்று. என் மண்டியில் நாளைக்கு ஆயிரம் ரூபாய் நஷ்டம் வந்தால் ஒரு மாதத்தில் கதவைச் சாத்திவிடுவேன்!" என்றார் அண்ணாச்சி.

பிறகு இருவரும் நம்மைப் பார்த்து, "சார்வாள், நீங்களே சொல்லுங்கள்!" என்றார்கள். பள்ளிக்கூட வாத்தியாராகப் பிறந்தவனுக்கு நடுவர் பதவியிலிருந்து தப்ப வழியில்லை. மேலும் இது அவர்கள் இருவருடைய வழக்கு மட்டும் அல்ல. நேயர்கள் ஒவ்வொருவர் வீட்டுப் பணமும் இதில் கலந்திருக்கிறது. ஆகையால் அன்று திண்ணையில் பேசியதையும், பிறகு நாம் யோசித்ததையும் இங்கே எழுதுகிறோம்.

பிறந்த வீடு

ஏர் இந்தியா சர்க்கார் பெற்ற பிள்ளை அல்ல. சர்க்கார் சுவீகாரம் எடுத்த பிள்ளை. 1929-ஆம் வருஷம் இந்தியாவில் விமானம் ஓட்டும் முதல் லைசென்ஸைப் பெற்றவர் ஜே. ஆர். டி. டாட்டா. 1932 அக்டோபர் 15-ஆம் தேதி அவர் 'புஸ் மாத்' என்னும் சிறிய ஒற்றை எஞ்சின் விமானத்தில் தபாலை ஏற்றிக் கொண்டு கராச்சியில் புறப்பட்டு, ஆமதாபாத் வழியாகப் பம்பாய் ஜுஹுவில் வந்து இறங்கினார். அங்கிருந்து நெவில் வின்ஸென்ட் என்னும் விமானி பல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டு வந்து சேர்த்தார். ஆக, அந்த முதற் பாதையின் கடைசி ஊர் நமது சென்னைதான். 1935-ல் டாட்டா விமானம் நமது மலைக்கு அப்புறம் உள்ள திருவனந்தபுரத்துக்கும் வந்தது. அந்நாளில் செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்ததால், இந்தப் பக்கத்தார் சிலருக்கு அது தங்கள் தலைநகருக்கே வந்த விமானம்!

முதல் வருஷத்தில் அந்தக் கம்பெனி ஏற்றிச் சென்ற பிரயாணிகள் 155 பேர். லாபம் அறுபதாயிரம் ரூபாய். 1946-ல் அது பொதுமக்கள் பங்கு வாங்கக்கூடிய கம்பெனியாகி, ஏர் இந்தியா என்று பெயர் பெற்றது. தலைப்பாகையும் முறுக்கு மீசையுமாகக் குனிந்து வணங்கும் மகாராஜாவின் சித்திரம் தோன்றியதும் அதே வருஷத்தில்தான். 1948-ல் சுதந்திர சர்க்கார் 49 சதவிகிதப் பங்கு எடுத்துக் கொண்டு கூட்டுச் சேர, அவ்வருஷம் ஜூன் 8-ஆம் தேதி 'மலபார் பிரின்ஸஸ்' என்னும் விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் பறந்தது.

1953-ல் பார்லிமெண்ட் சட்டம் செய்து விமானப் போக்குவரத்தைத் தேச உடைமை ஆக்கிற்று. உள்நாட்டு ஸ்தாபனங்கள் எட்டும் ஒன்று சேர்ந்து இந்தியன் ஏர்லைன்ஸ் ஆயின. வெளிநாட்டுப் போக்குவரத்து ஏர் இந்தியாவுக்கு விடப்பட்டது. இந்த ஏற்பாடு டாட்டாவுக்குப் பிடிக்கவில்லை. ஆயினும் சர்க்கார் கேட்டுக் கொண்டபடி 1978 வரையில் அவரே ஏர் இந்தியாவின் தலைவராக இருந்தார். 1960-ல் போயிங் 707 ஜெட் விமானம் வந்தது. 1962-க்குள் அதன் விமானங்கள் எல்லாமே ஜெட்டாகிவிட்டன. சர்க்கார் சொத்து என்றாலே சீர்கெட்டுப் போகும் என்று அடித்துப் பேசுவோர் இந்த இருபத்தைந்து வருஷத்தை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள்.

"அதைச் சொல்லுங்கள், சார்வாள்!" என்று இலஞ்சி நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "1990-ல் குவைத்தில் யுத்தம் மூண்டபோது அம்மானிலிருந்து ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியரை இரண்டு மாதத்தில் அழைத்து வந்தது யார்? கடையநல்லூரிலும் தென்காசியிலும் வளைகுடா நாடுகளில் பிழைக்கப் போனவர்களின் வீடுகளில் கேட்டுப் பாருங்கள், அண்ணாச்சி. லாபம் பார்க்கும் கம்பெனி அன்று போயிருக்குமா?"

"போகச் சொல்லும் சர்க்கார் சத்தத்தைக் கொடுத்தால் எவனும் போவான். 2022-ல் உக்ரைனில் சண்டை வந்ததே. மாணவர்களை அழைத்துவர ராணுவ விமானங்களோடு தனியார் விமானங்களுந்தானே போயின? ஏர் இந்தியாவும் அப்போது டாட்டா கைக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது" என்றார் அண்ணாச்சி.

"வ. உ. சி. கப்பல் விட்ட சீமையில் பிறந்துவிட்டு இப்படிப் பேசுகிறீர்களே!"

"சுதேசிக் கப்பல் கம்பெனி சர்க்காருடையதா, வே? 1906-ல் பங்குக்கு இருபத்தைந்து ரூபாய் என்று ஜனங்களிடம் வசூலித்து ஆரம்பித்த கம்பெனி அது. சர்க்கார்தான் அவரைச் சிறையில் போட்டது!"

இலஞ்சி நண்பர் இதற்குப் பதில் சொல்லவில்லை. நமக்கும் அண்ணாச்சியின் வார்த்தையில் ஓர் உண்மை இருப்பதாகவே பட்டது. தேசாபிமானம் சர்க்கார் கட்டிடத்தில் மட்டுந்தான் வசிக்கும் என்பதில்லை. ஆனால் விஷயம் அதோடு முடிந்துவிடவில்லை.

யார் கையெழுத்து?

1994-ல் பழைய சட்டம் நீக்கப்பட்டு, தனியார் கம்பெனிகளுக்கு ஆகாயம் திறந்துவிடப்பட்டது. போட்டி வந்தது, டிக்கெட் விலை இறங்கிற்று, ஜனங்களுக்கு அது நன்மைதான். வளைகுடா நாட்டுக் கம்பெனிகளுக்கும் நம் ஊர்களுக்கு வந்துபோக மேலும் மேலும் இடம் அளிக்கப்பட்டது. இந்தச் சமயத்தில், 2005, 2006-ஆம் வருஷங்களில், ஏர் இந்தியாவுக்கும் இந்தியன் ஏர்லைன்ஸுக்குமாக 111 புது விமானங்கள் வாங்க ஏற்பாடாயிற்று. ஏறக்குறைய அவ்வளவும் கடன். 2007-ல் இரு ஸ்தாபனங்களையும் ஒன்றாக இணைத்தார்கள். சம்பள விகிதம் வேறு, பதவி உயர்வு முறை வேறு, விமான வகைகள் வேறு. இரண்டு கூட்டுக் குடும்பங்களை ஒரே அடுப்பில் சமைக்கச் சொன்ன கதைதான். இணைப்புக்கு முந்திய வருஷத்தில் இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 770 கோடி ரூபாயாக இருந்த நஷ்டம், 2009 மார்ச்சுக்குள் 7,200 கோடி வரையில் குவிந்தது. கடனை நம்பியே விமானம் வாங்கியதைத் தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரி 2011-ல் தமது அறிக்கையில் கடுமையாகக் கண்டித்தார்.

இந்த இடத்தில் இலஞ்சி நண்பர் சொன்ன வார்த்தை இன்னும் நம் காதில் ஒலிக்கிறது.

"சார்வாள், எஞ்சினில் ஒரு போல்ட்டை நான் முடுக்கினால், எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த போல்ட் என்று எழுதி அடியில் கையெழுத்துப் போட வேண்டும். பத்து வருஷம் கழித்து அது கழன்றாலும் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். நூற்றுப் பதினொரு விமானத்துக்கு யார் கையெழுத்து? இரண்டையும் இணைத்ததற்கு யார் கையெழுத்து? அவர்களில் எவரையாவது கூப்பிட்டுக் கேட்டார்களா?"

அண்ணாச்சி வாயைத் திறக்கவில்லை. மண்டிக் கணக்கில் எந்தச் சிட்டைக்கும் கையெழுத்து உண்டு என்பதை அவர் நன்கு அறிவார்.

விற்ற கதை

விற்பனையும் எளிதில் நடக்கவில்லை. 2001-ல் ஒரு முறை விலை பேசினார்கள். டாட்டாவுடன் கூட்டாக வந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பின்வாங்கிக் கொண்டது, காரியம் நின்றது. 2012-ல், விற்க வேண்டாம், தூக்கி நிறுத்துவோம் என்று பல வருஷத் தவணையில் முப்பதாயிரம் கோடிக்கு மேல் மூலதனம் போடத் தீர்மானித்தார்கள். 2018-ல் மறுபடியும் ஏலம். நூற்றுக்கு 76 பங்கு விற்கப்படும். 24 பங்கு சர்க்காரிடமே இருக்கும். 33,392 கோடி ரூபாய்க் கடனும் பொறுப்பும் வாங்குபவர் தலையில் ஏறும். "முக்கால் வீட்டை வாங்கிக் கொள்ளும்; திண்ணையில் நான் உட்கார்ந்திருப்பேன்; வீட்டின் பேரிலுள்ள கடனையும் நீரே அடைத்துவிடும்" என்றால் எவர் வருவார்? மே மாதம் 31-ஆம் தேதி கெடு முடிந்தபோது ஒரு விண்ணப்பங்கூட வந்திருக்கவில்லை.

2020-ல் நூற்றுக்கு நூறு பங்கையும் விற்க முன்வந்தார்கள். அவ்வருஷமே கொள்ளைநோய் வந்து விமானங்கள் எல்லாம் தரையில் நின்றன. வாங்குவோர் எவ்வளவு கடனை ஏற்பது என்பதை அவர்களே சொல்லலாம் என்று நிபந்தனையைத் தளர்த்திய பிறகே காரியம் கைகூடிற்று. 2021 அக்டோபர் 8-ஆம் தேதி முடிவு வெளியாயிற்று. சர்க்கார் வைத்த அடிவிலை 12,906 கோடி; ஒரு கோஷ்டி கேட்டது 15,100 கோடி; டாட்டா கேட்டது 18,000 கோடி. 2022 ஜனவரி 27-ஆம் தேதி, தேச உடைமையாகி அறுபத்தெட்டு வருஷங்களுக்குப் பிறகு, மகாராஜா பிறந்த வீட்டுக்குத் திரும்பினார்.

"பார்த்தீரா? பதினெட்டாயிரம் கோடி!" என்றார் அண்ணாச்சி.

"அண்ணாச்சி, சிட்டையைக் கடைசி வரி வரையில் படியுங்கள்" என்றோம் நாம். கணக்கு வாத்தியார்களுக்கு இதைவிட வேறு சந்தோஷம் ஏது?

தலைக்கு எவ்வளவு?

பதினெட்டாயிரம் கோடியில் ரொக்கமாக வந்தது 2,700 கோடிதான். மிச்சம் 15,300 கோடி டாட்டா ஏற்றுக் கொண்ட கடன். ஸ்தாபனத்தின் மொத்தக் கடனோ 61,562 கோடி. ஆகவே 46,262 கோடி ரூபாய்க் கடன் சர்க்கார் வசமே, அதாவது நம் வசமே, நின்றுவிட்டது. விற்காமல் வைத்துக் கொண்ட நிலம், கட்டிடம் முதலியவற்றுக்கு 14,718 கோடி மதிப்புப் போட்டார்கள். அதையும் ரொக்கத்தையும் கழித்தால் நிற்பது 28,844 கோடி. தேசத்தின் ஜனத்தொகை 140 கோடி என்று கொண்டால் தலைக்கு 206 ரூபாய். இதற்கு முன்னரே, 2009-10 முதல், சர்க்கார் ரொக்கமாகக் கொட்டியது 54,584 கோடி. அது தலைக்கு 390 ரூபாய். ஆக மொத்தம் ஆளுக்கு 596 ரூபாய். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஏறக்குறைய மூவாயிரம். 2011-ஆம் வருஷக் கணக்குப்படி நமது தென்காசி ஜில்லாவில் சுமார் பதினான்கு லட்சம் ஜனங்கள். அவர்கள் பங்கு 83 கோடி ரூபாய். அந்தப் பணத்தில் இந்த ஜில்லாவில் எத்தனை பள்ளிக்கூடங்களுக்குக் கூரை மாற்றலாம் என்று ஒரு வாத்தியார் கணக்குப் போட்டுப் பார்த்தால் நேயர்கள் கோபிக்கமாட்டார்கள்.

திண்ணைக்கு எதிரே மங்குஸ்தான் பழம் விற்றுக் கொண்டிருந்த கிழவி இந்தக் கணக்கை எல்லாம் காது கொடுத்துக் கேட்டுக் கொண்டிருந்தாள் போலும்.

"எனக்குமா ஐயா அறுநூறு ரூபாய்?" என்றாள்.

"ஆமாம், ஆச்சி. சோப்புக்கும் துணிக்கும் சேர்த்துக் கொடுக்கிற பணத்தில் சர்க்காருக்குப் போகிற பங்கு உண்டே, அதிலிருந்து!"

"நான் பிளேனில் ஏறினதே இல்லை. மேலே போகும்போது அண்ணாந்து பார்த்ததுதான். அண்ணாந்து பார்த்ததுக்கா அறுநூறு ரூபாய்?"

எங்கள் மூவருக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அடங்கியும் போயிற்று. தேசத்தின் சொத்து என்று நாம் பெருமையுடன் சொல்லிக் கொண்ட காலத்தில் அந்தக் கிழவியை எவரும் எஜமானி என்று மதித்துக் கணக்குச் சொல்லவில்லை. கடன் மிஞ்சியபோது மட்டும் அவள் பங்காளி ஆகிவிட்டாள்.

பணத்தைத் தவிர வேறு ஒன்றும் கை மாறிற்று. விற்கும்போது அங்கே வேலையில் இருந்தவர்கள் 12,085 பேர். அவர்களில் 8,084 பேர் நிரந்தர ஊழியர், மற்றவர்கள் ஒப்பந்தத்தில் இருந்தவர்கள். ஒரு வருஷத்துக்கு எவரையும் நீக்கலாகாது, அதற்குப் பின் குறைத்தால் விருப்ப ஓய்வு என்ற முறையிலேயே குறைக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஸ்தாபனத்தின் வீடுகளில் குடியிருந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும் என்றும் உத்தரவாயிற்று; மும்பையில் அது ஹைகோர்ட்டு வரையில் வழக்காகப் போயிற்று. 111 விமானங்களுக்குக் கடன் வாங்கச் சொன்னவர்கள் இவர்கள் அல்லர். ஆயினும் மூட்டை கட்ட நேர்ந்தது இவர்களுக்கே.

விற்றதோடு தீர்ந்ததா?

வாங்கியவர் கையில் பட்டதும் எல்லாம் பொன்னாகிவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. 2023 பிப்ரவரியில் 470 புது விமானங்களுக்கு ஏற்பாடு செய்தார்கள். 2024 நவம்பரில் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்து, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு நூற்றுக்கு 25.1 பங்கு கிடைத்தது. 2001-ல் வாசலில் இருந்து திரும்பிய விருந்தாளி இருபத்து மூன்று வருஷம் கழித்து உள்ளே வந்துவிட்டார். ஆனால் 2025 ஜூன் 12-ஆம் தேதி ஆமதாபாத்தில் லண்டனுக்குக் கிளம்பிய விமானம் சில விநாடிகளில் விழுந்தது. அதில் இருந்த 242 பேரில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும், தரையில் இருந்த 19 பேரும் மாண்டார்கள். காரணத்தை ஆராய்ந்து சொல்ல விசாரணை அதிகாரிகள் இருக்கிறார்கள். நாம் திண்ணையில் இருந்து தீர்ப்புக் கூறுவது தர்மம் அல்ல. அந்தச் செய்தி வந்த நாளில் இலஞ்சி நண்பர் சாப்பிடவில்லை என்பது மட்டும் நமக்குத் தெரியும்.

கடல் தாண்டிப் பார்த்தாலும் இதே பாடந்தான். இலங்கை சர்க்கார் 1998-ல் தனது விமான ஸ்தாபனத்தின் ஒரு பகுதிப் பங்கையும் நிர்வாகத்தையும் எமிரேட்ஸ் கம்பெனியிடம் ஒப்படைத்தது. 2008-ல் உறவு முறிந்தது. 2010-ல் சர்க்காரே பங்குகளைத் திரும்ப வாங்கிற்று. பிறகு நஷ்டம் மலையாகக் குவிந்து, மறுபடியும் விற்கும் பேச்சு எழுந்தது. விற்றும் பார்த்தார்கள், வாங்கியும் பார்த்தார்கள். உடைமைப் பத்திரத்தில் எவர் பெயர் இருக்கிறது என்பதனால் மட்டும் விமானம் பறந்துவிடுவதில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் தென்காசிக்குத் திரும்பினோம். சாரலுக்கு நடுவே காசி விசுவநாதர் கோயில் கோபுரம் தெரிந்தது. ஐந்நூறு வருஷங்களுக்கு முன் அக்கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் கல்லில் வெட்டி வைத்த செய்தி ஒன்று உண்டு. கட்டினேன் என்ற கர்வம் அதில் இல்லை. காலத்தால் இக்கோயிலுக்குக் குறைவு நேருமானால், பின்னால் வந்து அதைச் சீர்செய்து காப்பவர் எவரோ அவர் காலில் தான் விழுந்து வணங்குவதாக அந்த அரசன் சொல்கிறான். அவன் பயந்தபடியே கோபுரம் சிதைந்து, நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாக நின்றது. பின்னர் 1990-ல் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்தது. அதற்குள் அரசர் போனார்கள், ஆங்கிலேயர் போனார்கள். கோயில் மட்டும் தன்னைக் காப்பவர் வரும் வரையில் காத்திருந்தது.

விமானம் அப்படிக் காத்திராது. காப்பவர் இல்லாத ஒவ்வொரு நாளும் இருபது கோடி தின்னும். ரயில், பாங்கி, இன்ஷியூரன்ஸ் என்று நம்முடையவை இன்னும் பல இருக்கின்றன. அவற்றை விற்பதா, வைத்திருப்பதா என்று நாம் சண்டையிடலாம், சண்டையிடவும் வேண்டும். அதற்கு முன்னே, அவை நம்முடையவையாக இருக்கும்போதே, வருஷந்தோறும் கணக்கை வாங்கிப் படித்து, "இதற்கு யார் கையெழுத்து?" என்று கேட்கும் வழக்கம் நமக்கு வரவேண்டும். மங்குஸ்தான் விற்கும் கிழவி கேட்டுவிட்டாள். படித்த நாம் இன்னும் கேட்கவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது அண்ணாச்சி இலஞ்சி நண்பரின் தோளில் கை வைத்து, "எல்லாம் சரி, வே. அந்தக் கையெழுத்து விஷயத்தில் நீர் சொன்னதுதான் சரி" என்றார். அவர்களுடைய வாதத்தில் இருவரும் ஒப்புக் கொண்டது அது ஒன்றுதான். நமக்கு அதுவே போதும் என்று தோன்றிற்று.